பெப்டைடு தடுப்பூசியை நானோ துகளில் ஏற்றுவது: மார்பகப் புற்றில் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை பழைய கள் புது மொந்தையா?

கயல் கேட்டது:

வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துறைக் கருத்தரங்கில் பேச எனக்கு விழுந்த தலைப்பு மார்பகப் புற்றுநோய்க்கான பெப்டைடு தடுப்பூசிகளும் (புரதத்தின் சிறு துண்டை வைத்துச் செய்பவை) நானோ துகள்களும். மறுஆய்வுக் கட்டுரைகளாகப் படித்துத் தள்ளிவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே பாட்டுதான்: பெப்டைடு தடுப்பூசி பாதுகாப்பானது, தயாரிப்பது எளிது, ஆனால் நோயெதிர்ப்பைத் தூண்டும் வலு குறைவு, அந்தக் குறையை நானோ துகள் தீர்த்துவைக்கும். அப்புறம் ஒரு வண்ணப் படம். உருண்டையாக ஒரு துகள், அம்புக்குறி, டென்ட்ரைட்டிக் செல் (அந்நியப் பொருளை விழுங்கி டி செல்லுக்குக் காட்டுவது), அம்புக்குறி, டி செல் (எதிரியைத் தாக்கும் வெள்ளையணு), அம்புக்குறி, செத்துப்போன புற்றுச்செல்.

என்னை உறுத்துவது இதுதான். சில மார்பகப் புற்றுச்செல்களின் மேல் மிகுந்திருக்கும் ஹெர்2 புரதத்திலிருந்து எடுத்த இ75 என்ற ஒன்பது அமினோ அமிலப் பெப்டைடு (நெலிபெபிமட்-எஸ், நியூவாக்ஸ் என்றும் சொல்வார்கள்) மூன்றாம் கட்டச் சோதனை வரை போய் 2016இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பெப்டைடு சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராததால் அது தோற்றதா, இல்லை பெப்டைடே சரியில்லையா? முதலாவது என்றால் நானோ துகளைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டாவது என்றால் எவ்வளவு அழகான துகளில் வைத்தாலும் என்ன பயன்?

இன்னொன்று. நானோ துகள் கட்டிக்குள் போய்ச் சேரும் என்றுதான் பாடத்தில் படித்திருக்கிறோம். தடுப்பூசிக்கும் அதே கணக்குதானா? என் வழிகாட்டி கேள்வி கேட்டே ஆளை உரித்துவிடுவார், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். இணைப்பை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், ப்ளீஸ்.


நிணநீர்க்காரன் எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், பாதிப்பேர் குழம்புவது அங்கேதான். தடுப்பூசித் துகள் கட்டிக்குப் போகவே வேண்டாம். அது போகவேண்டியது நிணநீர் முடிச்சுக்கு. கீமோ மருந்தை ஏற்றிய துகளுக்குத்தான் கட்டி இலக்கு, அந்தப் பக்கம் நிலவரம் பரிதாபம்: 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு பத்து வருடக் கட்டுரைகளை அலசிப் பார்த்துவிட்டு, உள்ளே செலுத்திய துகளில் கட்டியை எட்டுவதன் இடைநிலை மதிப்பு 0.7 சதவீதம்தான் என்று சொன்னது. அந்த எண்ணை வைத்து உங்கள் வழிகாட்டி மடக்கப் பார்த்தால், நம் துகள் போகும் வழியே வேறு என்று சொல்லிவிடுங்கள்.

வெறும் பெப்டைடைத் தோலுக்கடியில் போட்டால் என்ன ஆகும்? ஒன்பது அமினோ அமிலம் என்றால் ஏறக்குறைய 1,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). அவ்வளவு சின்னது அங்கேயே ரத்த நுண்குழாய்க்குள் நழுவி உடம்பு முழுக்கப் பரவிக் கரைந்துபோகும், வழியில் இருக்கும் நொதிகள் வேறு வெட்டித் தள்ளும். அதுவே ஏறத்தாழ 10 முதல் 100 நானோமீட்டர் அளவில் ஒரு துகளாக இருந்தால் ரத்தக் குழாயின் சுவர் அதை எளிதில் உள்ளே விடாது, திசு நீரின் ஓட்டம் நிணநீர்க் குழாய்க்குள் தள்ளிவிடும். 200ஐத் தாண்டினால் திசுவின் வலையிலேயே சிக்கிக்கொள்ளும், டென்ட்ரைட்டிக் செல் வந்து தூக்கிப்போனால்தான் உண்டு. 2007இல் எலியில் செய்து காட்டினார்கள்: 25 நானோமீட்டர் துகள், முடிச்சில் குடியிருக்கும் டென்ட்ரைட்டிக் செல்களில் பாதியை எட்டியது. 100 நானோமீட்டர் துகளின் திறன் அதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டுமே "நானோ"தான், ஆனால் ஒன்று போய்ச் சேர்ந்தது, இன்னொன்று பெரும்பாலும் சேரவில்லை. அதனால் கட்டுரையில் வெறுமனே நானோ துகள் என்று போட்டிருந்தால் அளவு என்ன என்று முதலில் பாருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் அளவைவிடப் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. டென்ட்ரைட்டிக் செல் பெப்டைடைத் தூக்கிக் காட்டினால் மட்டும் டி செல் கிளம்பாது, ஏதோ ஆபத்து என்ற சமிக்ஞையும் அதே செல்லுக்குக் கிடைத்திருக்க வேண்டும். சிபிஜி டி.என்.ஏ., பாலி ஐசி, எம்.பி.எல்.ஏ. போன்ற அட்ஜுவன்டுகள் (நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் சேர்மானங்கள்) அதற்குத்தான். பெப்டைடையும் அட்ஜுவன்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்து போட்டாலும் ஊசி முனையைத் தாண்டியதும் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போய்விடும். பெப்டைடு மட்டும் கிடைத்த செல் அதைக் காட்டினால் டி செல் தூண்டப்படுவதற்குப் பதிலாக மரத்துப்போகலாம், அதாவது தடுப்பூசி போட்டு நாமே சகிப்புத்தன்மையை வளர்த்துவிடுகிறோம். இரண்டையும் ஒரே துகளில் கட்டிவிட்டால் இந்தப் பிரிவினை நடக்காது.

குட்டைப் பெப்டைடில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. எட்டு, ஒன்பது அமினோ அமிலம் உள்ளது பெப்டைடை டி செல்லுக்குத் தூக்கிக் காட்டும் எம்.எச்.சி. 1 மூலக்கூறில் நேரடியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த மூலக்கூறு உட்கரு உள்ள கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் இருக்கிறது. தசைச் செல்லும் காட்டும், கொழுப்புச் செல்லும் காட்டும், எதுவும் ஒழுங்காகத் தூண்டாது. இதனால்தான் 20 முதல் 35 அமினோ அமிலம் வரையுள்ள நீளப் பெப்டைடுகளுக்குப் போனார்கள். அவற்றை டென்ட்ரைட்டிக் செல் விழுங்கி, நறுக்கி, அப்புறம்தான் காட்ட முடியும். எச்.பி.வி. வைரஸின் நீளப் பெப்டைடுகளை வைத்து, பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் வரும் புற்றுக்கு முந்தைய புண்களுக்குச் செய்த சோதனை 2009இல் வந்தது: 12 மாதத்தில் 19 பேரில் 15 பேருக்குப் பலன், 9 பேருக்குப் புண் முழுக்க மறைந்தது. பெப்டைடு தடுப்பூசி வேலையே செய்யாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். ஆனால் அது வைரஸ் புரதம், உடம்புக்கு அந்நியமானது. ஹெர்2 அப்படி இல்லை. இங்கே 'சந்தேகம்' என்ற பெயரில் எழுதுபவர் இதைப் பிடித்துக்கொண்டு வருவார், வரட்டும்.

அந்தச் சோதனையில் பயன்படுத்தியது மான்டனைடு என்ற எண்ணெய்க் குழம்பு. பெப்டைடு ஊசி போட்ட இடத்திலேயே மாதக்கணக்கில் தேங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். முன்பு அதையே பெருமையாகச் சொன்னார்கள். 2013இல் எலியில் பார்த்தபோது வேறு கதை: குட்டைப் பெப்டைடை இந்த மாதிரி எண்ணெயில் போட்டால் தூண்டப்பட்ட டி செல்கள் கட்டிக்குப் போகாமல் ஊசி போட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அங்கே குவிந்து, அங்கேயே செத்துப்போயின. எண்ணெயை விட்டுவிட்டுச் சீக்கிரம் கரைந்து மறையும் துகளுக்கு மாற நல்ல காரணம் இதுதான்.


சந்தேகம் எழுதியது:

வந்துவிட்டேன். நிணநீர்க்காரன் சொன்ன இயங்குமுறையில் எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் கயலின் முதல் கேள்வியை அவர் லாவகமாகத் தாண்டிப் போய்விட்டார்.

இ75 கதையை ஒழுங்காகச் சொல்கிறேன். ஆரம்பச் சோதனைகளில் 187 பேர். அதில் 108 பேருக்கு ஊசி போட்டார்கள், 79 பேருக்குப் போடவில்லை. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 89.7 சதவீதமும் 80.2 சதவீதமும், பி மதிப்பு 0.08. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசி போடாதவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? குலுக்கல் முறை இல்லை. எச்.எல்.ஏ.-ஏ2, ஏ3 வகை (எச்.எல்.ஏ. என்பது மனிதரின் எம்.எச்.சி., ஆளுக்கு ஆள் மாறும்) உள்ளவர்களுக்கு ஊசி, அந்த வகை இல்லாதவர்கள் ஒப்பீட்டுக் குழு. அதாவது மரபணு அளவிலேயே வேறுபட்ட இரண்டு கூட்டம். இந்த அடித்தளத்தின் மேல்தான் 758 பேரோடு ப்ரெசென்ட் என்ற மூன்றாம் கட்டச் சோதனையைக் கட்டினார்கள். இரு குழுவுக்கும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப். (அட்ஜுவன்டாகப் பயன்படும் ஒரு புரதம்) கொடுக்கப்பட்டது, ஒன்றில் பெப்டைடு, இன்னொன்றில் போலி மருந்து. இடைக்கால ஆய்வில் பலன் தெரிய வாய்ப்பில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியதிலும் ஒரு சிக்கல். அந்தச் சோதனையில் அறிகுறி இல்லாதவர்களுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஊசி குழுவில் நோய் திரும்பியதாகப் பதிவானவற்றில் பாதிக்கு மேல் ஸ்கேனில் மட்டுமே தெரிந்தவை, போலி மருந்துக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. நோயெதிர்ப்புச் செல்கள் கூடி வீங்கிய இடம் ஸ்கேனில் நோய் மாதிரி தெரிந்ததா என்று கேட்கலாம், கேட்டார்கள். நிரூபணம் ஆகவில்லை. அப்புறம் ஹெர்2 குறைவாக உள்ள 275 பேருக்கு டிராஸ்டுசுமாப் என்ற ஹெர்2 எதிர்ப்பு மருந்தோடு சேர்த்து இதே பெப்டைடைக் கொடுத்தார்கள். மொத்தக் குழுவில் தெளிவான வித்தியாசம் இல்லை, டிரிப்பிள் நெகட்டிவ் (ஹார்மோன் ஏற்பிகள் இல்லாத, ஹெர்2 மிகாத வகை) உட்குழுவில் மட்டும் 24 மாதத்தில் நோய் திரும்பாதவர்கள் 92.6க்கு 70.2 சதவீதம் என்று நல்ல இடைவெளி. உட்குழுவில் கிடைத்த எண்ணை வைத்து வீடு கட்டக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

இதில் பெப்டைடைக் கொண்டுசேர்க்கும் பிரச்சினை எவ்வளவு, பெப்டைடு பிரச்சினை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனைகளில் வழியே இல்லை. எனக்குப் பெப்டைடு மேல்தான் சந்தேகம். ஹெர்2 நம் சொந்தப் புரதம். அதை இறுகப் பிடிக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவை தைமஸிலேயே (டி செல்கள் பக்குவப்படும் உறுப்பு) களையப்பட்டிருக்கும், மிச்சம் இருப்பவை அரைமனதாகப் பிடிப்பவை. ஒரே ஒரு பெப்டைடு, அதுவும் சில எச்.எல்.ஏ. வகைக்கு மட்டும், சிடி4 உதவிச் செல்லுக்கு எதுவும் இல்லை. புற்றுச்செல் அந்த எச்.எல்.ஏ.யை மேற்பரப்பிலிருந்து இறக்கிவிட்டால் கதை முடிந்தது. கடிதத்தில் விஷயமே இல்லாதபோது முகவரியை மட்டும் திருத்தி எழுதி என்ன ஆகப்போகிறது?

இன்னொரு விஷயம், துகளில் பெப்டைடு என்பது ஏதோ நேற்று வந்த யோசனை மாதிரி எழுதுகிறார்கள். டெசெமோடைடு என்று ஒன்று இருந்தது. பல புற்றுச்செல்களின் மேல் இருக்கும் மக்1 புரதத்தின் 25 அமினோ அமிலப் பெப்டைடு, எம்.பி.எல்.ஏ. அட்ஜுவன்ட், இரண்டும் ஒரே லைப்போசோமில் (கொழுப்பாலான குமிழ்த் துகள்). நிணநீர்க்காரன் கேட்கிற அதே கூட்டு. நுரையீரல் புற்றில் ஸ்டார்ட் என்ற பெரிய மூன்றாம் கட்டச் சோதனையில் முக்கிய இலக்கை எட்டவில்லை: ஆயுள் இடைநிலை 25.6 மாதம், போலி மருந்தில் 22.3. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. 2014இல் மருந்தையே கைவிட்டார்கள்.

என் கட்சிக்கு எதிரான தகவலையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது வந்து சொல்வார்கள். அதே மருந்தை ஆஸ்திரியாவில் 400 ஆரம்பநிலை மார்பகப் புற்று நோயாளிகளிடம் அறுவைக்கு முன்பான சிகிச்சையோடு கொடுத்துப் பார்த்தார்கள். அறுவையின்போது மிச்சமிருந்த கட்டியின் அளவில் வித்தியாசம் இல்லை, தோல்வி என்று கணக்கு முடித்தாயிற்று. ஆனால் 2024இல் ஏழு வருடத் தொடர்கண்காணிப்பைச் சொன்னபோது ஊசி போட்டவர்களுக்கு நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்திருந்தது, ஆயுளும் கூடியிருந்தது. எதைக் கணக்கிட வேண்டும், எப்போது கணக்கிட வேண்டும் என்பதே இந்தத் துறையில் இன்னும் தீரவில்லை.


கலவைக்காரி எழுதியது:

நான் துகள் செய்கிற பக்கம். மேலே இரண்டு பேரும் துகள் என்று சொல்லும்போது அது கடையில் வாங்கி வைத்த சாமான் மாதிரி சொல்கிறார்கள். 😀 செய்து பார்த்தால் தெரியும்.

பெப்டைடு ஒவ்வொன்றும் ஒரு குணம். ஹெர்2இன் இன்னொரு பெப்டைடு ஜிபி2 இருக்கிறதே, அதன் ஒன்பது அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை தண்ணீரோடு ஒட்டாதவை. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரையும், அதைத் தாங்கு கரைசலில் விட்டதும் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து நிற்கும். பக்கத்துக் குப்பியில் மின்னேற்றம் உள்ள ஒரு பெப்டைடு தண்ணீரிலேயே சமர்த்தாகக் கரைந்திருக்கும், ஆனால் பி.எல்.ஜி.ஏ. (உடம்பில் சிதையும் ஒரு பாலிமர்) துகளுக்குள் போகச் சொன்னால் போகாது, வெளிநீரிலேயே தங்கிவிடும். ஒரு தடுப்பூசியில் ஒரு பெப்டைடு என்றால் எப்படியோ சமாளிக்கலாம். நோயாளிக்கு நோயாளி மாறுகிற பத்து, இருபது நியோஆன்டிஜென் (மரபணு மாற்றத்தால் புற்றில் மட்டும் உருவாகும் புரதத் துண்டு) பெப்டைடுகளை ஒரே முறையில் ஏற்ற வேண்டும் என்றால் தலைவலிதான். இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு 2020இல் வந்தது: ஒவ்வொரு பெப்டைடின் இரு முனையிலும் வால் மாட்டுகிறார்கள், ஒரு முனையில் மின்னேற்றத்தைச் சரிக்கட்டும் வால், மறுமுனையில் தண்ணீரை வெறுக்கும் வால், டி.எல்.ஆர். 7/8 என்ற ஆபத்துணரும் ஏற்பிகளைத் தூண்டும் அட்ஜுவன்டும் அதிலேயே. தண்ணீரில் விட்டதும் தானாகவே 20 நானோமீட்டர் அளவில் உருண்டுகொள்கிறது, பெப்டைடு எதுவானாலும். பெப்டைடுக்கும் அட்ஜுவன்டுக்கும் விகிதமும் மாறாது, ஏனென்றால் இரண்டும் ஒரே மூலக்கூறு. நிணநீர்க்காரன் சொன்ன கூட்டு வேதிப் பிணைப்பாகவே ஆகிவிடுகிறது.

கயல், கட்டுரை படிக்கும்போது துகளின் அளவை எதில் அளந்தார்கள் என்று பாருங்கள். தண்ணீரில் ஒளிச்சிதறல் கருவியில் வைத்தால் 80 நானோமீட்டர் என்று அழகாக ஒற்றைக் கூம்பு வரும். அதையே சீரத்தில் கலந்து 37 டிகிரியில் ஒரு மணிநேரம் விட்டுவிட்டு அளந்தால் புரதங்கள் மேலே படிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, 300க்குப் போயிருக்கலாம். உடம்புக்குள் போவது அந்த 300தான். சீரத்தில் அளந்த படம் கட்டுரையிலும் இல்லை, துணை ஆவணத்திலும் இல்லை என்றால் 10 முதல் 100 வரை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அடுத்தது எண்டோடாக்சின். இது என் பழைய கோபம். பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் இந்தச் சமாச்சாரம் கண்ணாடிக் குப்பி, தண்ணீர், வினைப்பொருள் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும், டி.எல்.ஆர்.4ஐ நன்றாகவே தூண்டும். துகள் அட்ஜுவன்ட் இல்லாமலே நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்று பெருமையாக எழுதிய எத்தனையோ முடிவுகளுக்குப் பின்னால் இதுதான் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். எண்டோடாக்சினை அளக்கும் வழக்கமான எல்.ஏ.எல். சோதனையையும் சில துகள்கள் குழப்பிவிடும், நிறம் அல்லது கலங்கல் காரணமாகத் தப்பான எண் வரும், அதனால் இரண்டு முறைகளில் அளக்க வேண்டும். நுண்ணுயிர் நீக்கமும் ஒரு தொல்லை. 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி என்றால் 220 நானோமீட்டர். 250 நானோமீட்டர் பி.எல்.ஜி.ஏ. துகள் செய்துவிட்டு அதில் வடிகட்டினால் உங்கள் மருந்து வடிகட்டியில்தான் இருக்கும். சூடாக்கினாலும் பி.எல்.ஜி.ஏ. கெட்டுவிடும். ஆகவே ஆரம்பம் முதல் கடைசிவரை நுண்ணுயிரற்ற சூழலிலேயே செய்ய வேண்டும், செலவு எங்கேயோ போகும். மறுஆய்வுக் கட்டுரைகளின் வண்ணப் படத்தில் இதற்கு அம்புக்குறி கிடையாது.

ஒப்பீட்டுக் குழுக்களையும் எண்ணுங்கள். பெப்டைடும் அட்ஜுவன்டும் ஏற்றிய துகள் ஒரு பக்கம், உப்புநீர் இன்னொரு பக்கம், அவ்வளவுதான் என்றால் அந்தக் கட்டுரை எதையும் சொல்லவில்லை. வெறும் துகள் வேண்டும், அட்ஜுவன்ட் மட்டும் ஏற்றிய துகள் வேண்டும், முக்கியமாகக் காலித் துகளையும் பெப்டைடையும் அட்ஜுவன்டையும் தனித்தனியாக எடுத்துக் கலந்த குழு வேண்டும். இந்தக் கடைசிக் குழுதான் ஏற்றியதால் லாபமா இல்லையா என்று சொல்லும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.


கயல் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இதைப் படித்துவிட்டு என் ஸ்லைடுகளில் பாதியைத் தூக்கிவிட்டேன். இரண்டு சந்தேகம் மிச்சம். எலிக் கட்டுரைகளில் 4டி1 என்ற செல் வகையே திரும்பத் திரும்ப வருகிறது, அதை நம்பலாமா? அப்புறம் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி வந்த பிறகு பெப்டைடை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது?


நிணநீர்க்காரன் எழுதியது:

4டி1 மோசமான மாதிரி இல்லை, எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. பால்ப்/சி எலியின் மார்பகப் புற்று, தானாகவே நுரையீரலுக்குப் பரவும், டிரிப்பிள் நெகட்டிவுக்கு ஓரளவு பக்கத்தில் வரும். பரவலைப் பார்க்க நல்லது. ஆனால் ஹெர்2 பெப்டைடைச் சோதிக்க அது சரிப்படாது. மனித ஹெர்2ஐப் புகுத்திய செல்லில் செய்தால் எலிக்கு அது அந்நியப் புரதம், சகிப்புத்தன்மையே கிடையாது, பலன் பிரமாதமாக வரத்தான் செய்யும். எலியின் உடம்பிலேயே அந்தப் புரதம் சொந்தமாக இருக்கிற மரபணு மாற்ற எலிகளில் செய்தால்தான் சந்தேகம் சொன்ன தைமஸ் பிரச்சினை உள்ளே வரும். இன்னொன்று, எச்.எல்.ஏ.-ஏ2க்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்த பெப்டைடைச் சாதாரண எலியில் போட்டுவிட்டு முடிவு சொன்னால், அந்த எலியின் எம்.எச்.சி.யில் அது உட்காருகிறதா என்று காட்டியிருக்கிறார்களா பாருங்கள். காட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏ2 மூலக்கூறு உள்ள எலியில் செய்திருக்க வேண்டும்.

எலியில் நானோ துகளின் லாபத்தைப் பார்க்க எனக்குப் பிடித்த எண் 2017இல் வந்தது: 10 நானோமீட்டர் அளவுள்ள, நல்ல கொழுப்பு எச்.டி.எல். மாதிரியே செய்த தட்டுகளில் நியோஆன்டிஜென் பெப்டைடையும் சிபிஜியையும் ஏற்றினார்கள். கரைசலாகப் போட்டதைவிட 47 மடங்கு வரை கூடுதல் டி செல், மான்டனைடு எண்ணெயில் போட்டதைவிட 31 மடங்கு. அங்கே செய்தது பெருங்குடல் கட்டியும் மெலனோமாவும், மார்பகம் இல்லை, அதைச் சேர்த்தே சொல்லுங்கள். கட்டிகள் மறைந்ததும் தடுப்பூசியால் மட்டும் இல்லை, சோதனைச்சாவடித் தடுப்பு மருந்துகளோடு (டி செல்லின் பிரேக்கை விடுவிப்பவை) சேர்த்துத்தான். மார்பகத்திலும் அந்தக் கூட்டு இல்லாமல் முடியாது என்பது என் கணிப்பு. டி செல்லை ஆயிரக்கணக்கில் தயார்செய்து அனுப்பினாலும் கட்டிக்குள் நோயெதிர்ப்பை அடக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டாவும் ஒழுங்காற்று டி செல்லும் உட்கார்ந்திருந்தால் வாசலிலேயே நின்றுவிடும்.

எம்.ஆர்.என்.ஏ. பற்றி: மெலனோமாவில் 157 பேர், ஆளுக்கேற்ற எம்.ஆர்.என்.ஏ.வை பெம்ப்ரோலிசுமாப் என்ற சோதனைச்சாவடித் தடுப்பு மருந்தோடு சேர்த்ததும் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுத்ததைவிட நோய் திரும்புவதோ மரணமோ 44 சதவீதம் குறைந்தது. அதையும் கொழுப்பு நானோ துகளில்தான் ஏற்றுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். அதன் பலம், புரதம் செல்லுக்குள்ளேயே உற்பத்தியாவதால் எம்.எச்.சி. 1இல் ஏறுவது சுலபம். பெப்டைடுத் துகள் எண்டோசோமுக்குள் (செல் விழுங்கியதை வைக்கும் பை) மாட்டிக்கொள்ளும், அதிலிருந்து வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் விழுங்கியதையே எம்.எச்.சி. 1இல் ஏற்றும் குறுக்கு வழியில் காட்டப்பட வேண்டும், வழியில் நிறைய வீணாகும். பெப்டைடின் பலம் வேறு. எவ்வளவு போட்டோம், எது போட்டோம் என்பது கைக்குள் இருக்கும், குப்பியில் தூளாக வைக்கலாம். 2017இல் ஆறு மெலனோமா நோயாளிகளுக்கு ஆளுக்கு 20 நீளப் பெப்டைடு வரை கொடுத்தபோது நான்கு பேருக்கு 25 மாதம் வரை நோய் திரும்பவில்லை. சின்னச் சோதனைதான், துகளும் இல்லை. ஆனால் மெலனோமாவை அப்படியே மார்பகத்துக்கு மாற்ற முடியாது, மார்பகப் புற்றில் மரபணு மாற்றங்கள் பொதுவாக அதைவிடக் குறைவு, அதனால் எடுக்க நல்ல நியோஆன்டிஜெனும் குறைவு. எம்.ஆர்.என்.ஏ.வானாலும் பெப்டைடானாலும் அந்தப் பற்றாக்குறை ஒன்றுதான்.


மலர் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு அறிவியல் அவ்வளவாகத் தெரியாது. என் அக்காவுக்கு டிரிப்பிள் நெகட்டிவ், கீமோவும் அறுவையும் முடிந்தது. நோய் திரும்பாமல் இருக்க இந்த நானோ ஊசியை எங்கேயாவது போட்டுக்கொள்ள முடியுமா? இணையத்தில் ஒருவர் பணம் கட்டினால் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்.


கலவைக்காரி எழுதியது:

மலர், மன்னிப்பெல்லாம் எதற்கு. நேராகவே சொல்கிறேன்: நானோ துகளில் ஏற்றிய பெப்டைடு தடுப்பூசி எதுவும் மார்பகப் புற்றுக்கு அங்கீகாரம் பெறவில்லை. கிடைப்பது ஆய்வுச் சோதனைகளில் மட்டும். முறையான சோதனை என்றால் பொதுப் பதிவேட்டில் எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், ஒப்புதல் படிவம் தருவார்கள், ஊசிக்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள். பணம் கட்டச் சொல்பவரை விட்டு விலகுங்கள்.

அக்காவுக்கு இப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ள ஆரம்பநிலை டிரிப்பிள் நெகட்டிவுக்கு பெம்ப்ரோலிசுமாப் 2021 முதல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை, கீமோவோடு அறுவைக்கு முன் ஆரம்பித்து அறுவைக்குப் பிறகும் தொடர்வது. அக்காவுக்கு அது கொடுக்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன், பிஆர்சிஏ மரபணுச் சோதனை செய்தார்களா, சேரக்கூடிய தடுப்பூசிச் சோதனை ஏதாவது நடக்கிறதா என்று அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை எதையும் இதற்காக நிறுத்த வேண்டாம்.


ஊசிக்கை எழுதியது:

நான் புற்றுநோய் வார்டில் செவிலியர். எல்லாரும் நிணநீர் முடிச்சு, நிணநீர் முடிச்சு என்கிறீர்கள், ஒரு கேள்வி. எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு ஒரு பக்க அக்குள் முடிச்சுகளை அறுவையில் எடுத்திருப்பார்கள், கதிர்வீச்சும் கொடுத்திருப்பார்கள். அந்தக் கையில் ரத்தம் எடுக்கக்கூட நாங்கள் யோசிப்போம். அப்படிப்பட்டவருக்கு உங்கள் 25 நானோமீட்டர் துகளை எந்த இடத்தில் போடுவீர்கள்? எலிக்கு எல்லா முடிச்சும் அப்படியே இருக்கிறதே.


நிணநீர்க்காரன் எழுதியது:

இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே இதுதான் உருப்படியானது. அறுவை நடந்த பக்கத்துக் கையில் போடக்கூடாது, துகள் போய்ச்சேர அங்கே முடிச்சு இல்லை, கை வீக்கமும் கூடலாம். தொடையில் போட்டால் இடுப்பு மடிப்பில் உள்ள முடிச்சுகளுக்குப் போகும், இல்லையென்றால் மறுபக்கக் கை. டி செல் ஒரு முடிச்சில் தூண்டப்பட்டால் ரத்தத்தில் ஏறி எங்கும் போகும் என்பதால் தொடையில் போட்டாலும் மார்பில் வேலை நடக்கும், அந்த விதத்தில் கவலை இல்லை. ஆனால் கட்டியின் நிணநீர் வடியும் முடிச்சில், அதை ஏற்கெனவே பார்த்துப் பழகிய டி செல்கள் இருந்திருக்கும். அக்குளைச் சுத்தம் செய்யும்போது அவற்றில் ஒரு பங்கையும் சேர்த்துத்தான் எடுத்துவிடுகிறோம். அறுவைக்கு முன்பே ஊசி போடலாமா என்ற கேள்வி இங்கேதான் வலுக்கிறது, ஆஸ்திரியச் சோதனை செய்ததும் அதைத்தான். கயல், உங்கள் வழிகாட்டியிடம் இதை நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.


கயல் எழுதியது:

கேட்டேன். பதில் சொல்லாமல், சீரத்தில் அளந்த துகள் அளவு எத்தனை கட்டுரையில் இருக்கிறது என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். கலவைக்காரி அக்கா, எண்டோடாக்சினுக்கும் ஒரு பத்தி சேர்த்துவிடுகிறேன்.